முடக்குவாதத்தால் கருவிழியின் ஓரம் கரைகிறது: பசை போடுவதா, கருவிழியையே மாற்றுவதா?

மானாமதுரைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 63. அவருக்கு 14 ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது; கை விரல்கள் கோணிப் போய்விட்டன. தொடக்கத்தில் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டு வந்தவர், வலி அடங்கிவிட்டது என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் அதைத் தாமாகவே நிறுத்திவிட்டார். அதன்பிறகு வலி எடுக்கும்போது மட்டும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார்.

ஆறு வாரங்களுக்கு முன் வலது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து நாங்களும் ஒரு வாரத்தை வீணடித்தோம். பிறகு பார்த்த மருத்துவர் கருவிழியில் புண் இருக்கிறது என்றார். எங்கள் பகுதியில் நெல் அறுப்புக் காலத்தில் பூஞ்சைப் புண் அதிகம் என்பதால் அதற்கான நாட்டாமைசின் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். புண்ணைச் சுரண்டி இரண்டு முறை சோதித்தும் பூஞ்சையோ பாக்டீரியாவோ தெரியவில்லை. சென்ற வாரம் மதுரையில் கருவிழிப் பிரிவு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். இது கிருமியால் வந்ததன்று, முடக்குவாதத்தின் விளைவாக வந்த அழற்சிப் புண் என்று அவர் சொல்கிறார். கடிகார முகத்தில் வைத்துச் சொன்னால் 2 மணியிலிருந்து 6 மணி வரை கருவிழியின் ஓரம் பிறைபோல் குழிந்திருக்கிறதாம். 4 மணி இடத்தில் அடிச்சவ்வு மட்டும்தான் மிச்சமாம்; எப்போது வேண்டுமானாலும் ஓட்டை விழலாம் என்கிறார்.

அவர் சொல்லும் வழி இது: மெலிந்த இடத்தில் பசை வைத்து அதன்மேல் ஒரு காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, பக்கத்திலுள்ள வெண்விழிச் சவ்வைக் கொஞ்சம் வெட்டி எடுப்பது, உடனடியாக மூட்டு மருத்துவரிடம் அனுப்பி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைத் தொடங்குவது. இதையும் மீறிக் கரைந்தால் அந்த இடத்துக்கு மட்டும் தானக் கருவிழியில் ஒரு துண்டு வைத்துத் தைப்பாராம்.

எங்கள் வீட்டில் குழப்பம் தொடங்கியதே இதற்குப் பிறகுதான். என் தாய்மாமாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் வைக்கோல் குத்திக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தது. பத்தே நாளில் கருவிழியை முழுதாக மாற்றினார்கள், கண் பிழைத்துக்கொண்டது. "எனக்கு மாற்றியதுபோல் அக்காவுக்கும் மாற்றிவிட வேண்டியதுதானே, ஃபெவிக்விக் போட்டு ஒட்டுகிற வேலை எதற்கு?" என்று அவர் கேட்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. மூட்டு நோய்க்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு, சவ்வை ஏன் வெட்ட வேண்டும், பசை எத்தனை நாள் தாங்கும் என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நாளை மறுநாள் மருத்துவமனைக்குப் போகும்போது தெளிவோடு போவேன்.

---

விளிம்பொளி (கருவிழி அறுவை மருத்துவர், பணி ஓய்வு) எழுதியது:

தம்பி, நேரில் பார்க்காத கண்ணுக்கு மருத்துவம் சொல்வது முறையாகாது; ஆகவே உங்கள் மருத்துவர் சொன்ன வழியின் பின்னாலிருக்கும் காரணங்களை மட்டும் விளக்குகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நாளை மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அடிச்சவ்வு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றால் அது டெசிமெட் சவ்வு. அதன் தடிமன் சுமார் 10 மைக்ரான்தான். கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது, ஓரம் அதைவிடவும் தடித்தது என்பதோடு ஒப்பிட்டால், உங்கள் தாயாரின் கண் எதை நம்பி நிற்கிறது என்பது புரியும். பலமாக ஒரு தும்மல் வந்தாலோ, குனிந்து குடத்தைத் தூக்கினாலோ, தூக்கத்தில் கண்ணைக் கசக்கினாலோ அது உடையலாம். இன்றே கண்ணுக்கு மேல் ஒரு கடினமான மூடியை ஒட்டி அழைத்துச் செல்லுங்கள். துணி வைத்து அழுத்திக் கட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் தாய்மாமாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் அது சரியான கேள்வி. அவருக்கு வந்த நோய் கருவிழிக்குள்ளேயே குடியிருந்தது. பூஞ்சை எதுவரை பரவியிருந்ததோ அதற்குச் சற்று அப்பால் வரை வட்டமாக அறுத்து எடுத்தபோது நோயும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அங்கே அறுவைதான் மருந்து. மருந்து கேட்காத பூஞ்சைப் புண்ணில் காலம் கடத்தாமல் கருவிழியை மாற்றுவதுதான் முறை. உங்கள் தாயாருக்கோ நோய் கருவிழியில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. கருவிழி அது வந்து தாக்கும் இடம் மட்டுமே. புதுக் கருவிழியை வைத்துத் தைத்தாலும் அதே இரத்தம்தான் அதன் ஓரத்தைச் சுற்றி ஓடப்போகிறது. உடலின் அழற்சியை அடக்காமல் வைத்த மாற்றுக் கருவிழி சில வாரங்களிலேயே கரைந்து போனதை நான் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றுள் சிலவற்றைத் தைத்தவனும் நான்தான்.

ஓரத்தில் ஏன் வருகிறது என்றால், கருவிழியின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய் கிடையாது. ஓரத்தை ஒட்டி மட்டும் நுண்ணிய குழாய்கள் வளையம்போல் வந்து முடிகின்றன. முடக்குவாதத்தில் இரத்தத்தில் சுற்றும் நோயெதிர்ப்புக் கூட்டுப்பொருள்கள் அந்தக் குழாய் முனைகளில் படிந்து குழாய்ச் சுவரைப் புண்ணாக்குகின்றன. அங்கிருந்து வெளியேறும் வெள்ளை அணுக்கள் கொலாஜன் இழைகளைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. கருவிழியே கொலாஜனால் நெய்யப்பட்டது என்பதால் அது விளிம்பிலிருந்து கரையத் தொடங்குகிறது. கன்ஜங்டைவா எனப்படும் வெண்விழிச் சவ்வை வெட்டுவதன் காரணம் இதிலேயே இருக்கிறது. நொதியையும் அணுக்களையும் கொண்டுவந்து சேர்க்கும் வாய்க்கால் அந்தச் சவ்வுதான். புண்ணின் இரு முனைகளுக்கும் அப்பால் ஏறத்தாழ இரண்டு மணி அளவும், விளிம்பிலிருந்து பின்னோக்கி மூன்று நான்கு மில்லிமீட்டரும் வெட்டி எடுத்தால் வாய்க்கால் அடைபடுகிறது. மரத்துப்போகும் சொட்டு மருந்தும் ஓர் ஊசியும் போதும். அரை மணி நேர வேலை. வெட்டிய துண்டை நோயியல் சோதனைக்கு அனுப்பினால் இரத்தக் குழாய் அழற்சிக்கான சான்று அதில் கிடைப்பதும் உண்டு. ஆனால் சவ்வு மறுபடி வளர்ந்து வந்துவிடும். அப்போது உள்ளே நோய் அடங்காமல் இருந்தால் வாய்க்கால் திரும்பவும் திறந்துகொள்ளும். ஆகவே இது நான்கைந்து வாரத் தவணை வாங்கும் வேலை என்பதே என் கருத்து. இதை ஒரு முழுச் சிகிச்சையாகவே நினைத்துச் செய்பவர்களும் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை.

பசையைப் பற்றி உங்கள் தாய்மாமா கேலியாகச் சொன்னாலும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். கடையில் விற்பதும் மருத்துவமனையில் வைப்பதும் சயனோஅக்ரிலேட் என்ற ஒரே குடும்பம்; மருத்துவத்துக்கு உரியது திசுவுக்குத் தீங்கு குறைந்த பியூட்டைல் வகை, தூய்மைப்படுத்தி அடைத்து வருவது. 1960களின் இறுதியிலிருந்தே கருவிழி ஓட்டைக்கு இது பயன்பட்டு வருகிறது. ஓட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் இதைவிட எளிய அடைப்பு இல்லை. வைக்கும் கையின் நேர்த்தி முக்கியம்: புண்ணைச் சுற்றியுள்ள மேல்தோலையும் இறந்த திசுவையும் சுரண்டி எடுத்து, இடத்தை நன்றாக உலரவைத்து, ஊசி முனையில் வரும் மிகச் சிறிய துளியை மட்டுமே வைக்க வேண்டும். ஈரமிருந்தால் பசை பிடிக்காது. அளவு கூடினால் மேடு தட்டி இமையை உறுத்தும். அது இறுகிய பின் சொரசொரப்பாக இருப்பதால்தான் மேலே மென்மையான லென்ஸ் போடுகிறோம். பசைக்கு இன்னொரு குணமும் உண்டு: அது புண்ணின் மேல் கெட்டியாக அமர்ந்திருக்கும்வரை வெள்ளை அணுக்கள் அந்தப் பள்ளத்துக்குள் எளிதில் வந்து சேர முடியாது, கரைதல் அதனாலேயே மட்டுப்படுகிறது. பாக்டீரியாவின் வளர்ச்சியையும் ஓரளவு தடுக்கும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தங்கும். அடியில் புதுத் தோல் வளர்ந்து வந்து தானாகத் தள்ளிவிட்டால் அது நல்ல அறிகுறி.

ஓட்டை பெரிதானால், அல்லது பசை நிற்காமல் திரும்பத் திரும்ப விழுந்தால், அடுத்தது ஒட்டுப் போடுவது. கிழிந்த வேட்டிக்கு முழு வேட்டியையும் மாற்றாமல் கிழிசல் அளவுக்குத் துணி வெட்டித் தைப்பதைப் போல, கரைந்த பிறைக்கு ஏற்றவாறு தானக் கருவிழியிலிருந்து ஒரு பிறையை வெட்டி மயிரினும் மெல்லிய நைலான் இழையால் தைக்கிறார்கள். பேட்ச் கிராஃப்ட் என்பது இதுதான். கண்ணின் கட்டுக்கோப்பைக் காப்பதே இதன் நோக்கம். பார்வையைத் திருத்துவது பிறகு பார்க்கவேண்டிய வேலை. முழுக் கருவிழியை மாற்ற வேண்டுமானால் ஓரத்துப் புண்ணையும் உள்ளடக்கும் அளவுக்குப் பெரிய வட்டமாக அறுக்க வேண்டும். அப்படி அறுக்கும்போது நலமாக இருக்கும் நடுப்பகுதியையும் இழக்கிறோம், தையலும் இரத்தக் குழாய் வளையத்துக்கு மிக அருகே போய்விடுகிறது. குழாய்க்கு அருகே போகும் ஒட்டை உடல் நிராகரிக்கும் வாய்ப்பு அதிகம். கண் அழுத்தம் ஏறும் தொல்லையும் கூடவே வரும். உங்கள் மருத்துவர் நடுக் கருவிழியைத் தொடாமல் காப்பாற்ற நினைக்கிறார் என்றே எனக்குப் படுகிறது; நானாக இருந்தாலும் அதையே செய்வேன்.

ஆனால் இந்த மூன்றையும்விட மேலானது மூட்டு மருத்துவர் தரப்போகும் மருந்து. கடுமையான நிலையில் மெத்தில் பிரட்னிசலோன் ஊசியை நாளுக்கு 1 கிராம் வீதம் மூன்று நாள் ஏற்றி, பிறகு மாத்திரையாகக் குறைத்துக்கொண்டே வந்து, அதனோடு மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்ஸிமாப் போன்றவற்றுள் நோயாளிக்கு ஏற்ற ஒன்றைத் தொடங்குவார்கள். அமெரிக்காவில் ஃபாஸ்டர் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. முடக்குவாதத்தோடு கண்ணின் ஓரப் புண்ணோ வெண்விழி அழுகலோ வந்த 34 பேரைப் பத்தாண்டு வரை கவனித்தார்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து பெறாத 17 பேரில் 9 பேர் இரத்தக் குழாய் நோயால் இறந்துவிட்டார்கள். அம்மருந்தைப் பெற்றவர்களிடம் இழப்பு மிகக் குறைவாக இருந்தது. கண்ணில் தெரியும் இந்தக் குழாய் அழற்சி இதயத்திலும் சிறுநீரகத்திலும் மறைவாக நடந்துகொண்டிருக்கலாம் என்பதே அதன் பொருள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்போதுள்ள மருந்துகள் அன்றைவிடப் பல மடங்கு மேலானவை. கண்ணில் பசை ஒட்டிவிட்டதே, மூட்டு மருத்துவரை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

கிருமி இல்லை என்பதை உறுதிசெய்ய உங்கள் முதல் மருத்துவர் இரண்டு முறை சுரண்டிப் பார்த்தது வீண் வேலை அன்று. நம் பகுதியில் அதைச் செய்யாமல் ஸ்டீராய்டு தொடங்குவது நெருப்போடு விளையாடுவது. பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டாமைசின்தான் முதல் மருந்து என்பதை உலகுக்கு உறுதிப்படுத்திய பெரிய ஆய்வே, அரவிந்த் கண் மருத்துவமனையின் நோயாளிகளைக் கொண்டு நடந்து 2013இல் வெளிவந்ததுதான்.

---

சின்னாளபட்டித் தறி எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னவற்றை நோயாளியின் பக்கமிருந்து கொஞ்சம் நிரப்புகிறேன். எனக்கு முடக்குவாதம் இல்லை. ஆனால் இதே ஓரப் புண்ணின் இன்னொரு வகையான மூரன் புண் இடது கண்ணில் வந்தது. 1867இல் இதை விரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் மூரனின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். வேறு எந்த உடல் நோயும் இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயரைச் சூட்டுவார்கள் என்பதால், முடக்குவாதக் காரணி, ஆன்கா (இரத்தக் குழாய் அழற்சி நோய்களைக் கண்டறியும் இரத்தச் சோதனை), மார்பு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் சி, கொக்கிப் புழுவுக்கான மலச் சோதனை என்று ஒரு வாரம் முழுவதும் சோதனைக் கூடத்திலேயே கழிந்தது. கண் வலிக்கு மலத்தைச் சோதிப்பார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். ஹெபடைடிஸ் சி தொற்றும் சில ஊர்களில் குடற்புழுவும் இந்தப் புண்ணோடு தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்டிருக்கின்றன என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் அடங்கினார்கள்.

சவ்வை வெட்டுவது எனக்கு இரண்டு முறை நடந்தது. முதல் முறை வெட்டிய மூன்றாம் நாளே வலி பாதியாகக் குறைந்தது. தறியில் உட்கார்ந்தாலே தலை பிளப்பதுபோல் இருந்த வலி அது. ஆனால் ஐந்தாவது வாரத்தில் சவ்வு வளர்ந்து விளிம்பைத் தொட்டதும் புண் மறுபடி ஊரத் தொடங்கியது. ஐயா தவணை என்று சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தவணையை இளக்காரமாகப் பேசக்கூடாது. அந்த ஐந்து வாரத்தில்தான் மாத்திரைகள் உடலில் வேலை செய்யத் தொடங்கின. இரண்டாவது முறை வெட்டியபோது சவ்வு வளர்ந்தும் புண் வரவில்லை.

பசை வைத்த பிறகு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தாயாரிடம் சொல்லி வையுங்கள். முதல் இரண்டு நாள் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். லென்ஸ் சரியாக அமர்ந்துவிட்டால் பிறகு பழகிவிடும். அந்த லென்ஸைப் பார்வைக் கண்ணாடி லென்ஸ்போல் தினமும் கழற்றக் கூடாது, மருத்துவரே மாற்றுவார். சொட்டு மருந்தை அதன்மேலேயே விட வேண்டும். தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது, இரவில் மூடியை ஒட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். எனக்கு நாற்பதாம் நாள் காலையில் லென்ஸோடு சேர்ந்து பசையும் தலையணையில் கிடந்தது. பதறியடித்து ஓடினேன், அடியில் தோல் மூடியிருந்ததால் மறுபடி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது நல்ல விழுகையா கெட்ட விழுகையா என்பதை நாமே தீர்மானிக்கக் கூடாது, அன்றே காட்ட வேண்டும்.

பிறகு எனக்குப் பிறை வடிவத்தில் அரைத் தடிமன் ஒட்டும் வைத்தார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 550 மூரன் நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட 2000ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டென்றும், அங்கே இத்தகைய அரைத் தடிமன் ஒட்டும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தும் சேர்ந்தே முதன்மைச் சிகிச்சையாக இருந்தன என்றும் என் மருத்துவர் சொன்னார். இப்போது ஒட்டு தெளிவாக இருக்கிறது; ஆனால் தையல் இழுத்ததில் கருவிழியின் வளைவு கோணிவிட்டதால் சாதாரணக் கண்ணாடியில் பார்வை தெளியவில்லை. கடின வகைக் காண்டாக்ட் லென்ஸ் போட்டால்தான் நூல் எண்ணிக்கை தெரிகிறது.

---

மானாமதுரைக்காரன் எழுதியது:

ஐயா, தறி அண்ணன், இருவருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்த அன்று மாலையே மதுரைக்குக் கிளம்பிவிட்டோம். இரவே பசை வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை சவ்வை வெட்டினார்கள். மூட்டு மருத்துவர் காசநோய்க்கும் மஞ்சள் காமாலை வைரசுகளுக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார். ஸ்டீராய்டு ஊசி இன்று இரண்டாம் நாள். மாமாவும் ஐயாவின் விளக்கத்தைப் படித்துவிட்டு, "வேட்டிக் கணக்கு புரிகிறது" என்று சொல்லிவிட்டார்.

இன்னும் மூன்று சந்தேகங்கள். ஒட்டுப் போட நேர்ந்தால் தானக் கருவிழிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா, இரத்தப் பிரிவு பொருந்த வேண்டுமா? எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடும்போது வெட்டிய காயம் ஆறுமா, அறுவைக்கு முன் அதை நிறுத்த வேண்டுமா? அதே கண்ணில் புரையும் இருக்கிறது. ஒரே மயக்கத்தில் அதையும் சேர்த்து எடுத்துவிடலாமா?

---

கண்வங்கிக் குளிர்பெட்டி எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கண் வங்கி ஒன்றில் 16 ஆண்டுகளாகத் தொழில்நுட்பராக இருக்கிறேன். இரத்தப் பிரிவு பொருத்தம் பார்ப்பதில்லை. காத்திருப்பு பற்றிய பயமும் உங்கள் தாயாருக்கு அதிகம் பொருந்தாது.

இறந்தவரிடமிருந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க முயல்கிறோம். எடுத்த கருவிழியின் உட்புறச் செல்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்துத் தரம் பிரிக்கிறோம். அந்தச் செல்கள்தான் கருவிழியிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றித் தெளிவாக வைத்திருப்பவை என்பதால், பார்வைக்காகச் செய்யும் முழு மாற்று அறுவைக்கு எண்ணிக்கை நன்றாக இருக்கும் கருவிழியை மட்டுமே கொடுக்கிறோம். பட்டியல் நீளமாக இருப்பது அதற்குத்தான். உங்கள் தாயாருக்கு வைக்கப்போவது ஓரத்தில் நிற்கும் ஒரு முட்டுத் துண்டு. அதில் உயிருள்ள உட்செல்கள் தேவையில்லை. முதியவர்களிடமிருந்து வருபவை, செல் எண்ணிக்கை குறைந்தவை, நடுப்பகுதியை வேறொருவருக்குக் கொடுத்த பிறகு மிஞ்சும் விளிம்புகள்கூட இதற்குப் பயன்படும்.

சேமிக்கும் திரவத்தைப் பொறுத்துக் காலம் மாறும். எம்.கே. ஊடகத்தில் நான்கு நாள். ஆப்டிசால், மதுரையிலேயே ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்றவற்றில் 14 நாள் வரை. ஆனால் முட்டுத் துண்டுக்கான கருவிழியை கிளிசரினில் போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். கிளிசரினில் இருந்ததைக் கழுவி ஊறவைத்துத்தான் மருத்துவர் தைப்பார். இரவு பத்து மணிக்கு ஓட்டை விழுந்த கண் வந்தாலும், பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் காலைக்குள் அறுவை முடிந்துவிடும். அதுவும் கிடைக்காத சிற்றூர்களுக்காக இன்னொரு வழியும் கடந்த சில ஆண்டுகளாக நம் நாட்டில் பரவி வருகிறது: நோயாளியின் வெண்விழிச் சவ்வுக்கு அடியிலிருக்கும் டெனன் படலத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்து ஓட்டையை அடைப்பது. சொந்தத் திசு என்பதால் நிராகரிப்பு இல்லை, செலவும் இல்லை. பனிக்குடச் சவ்வையும் எங்களிடம் கேட்டு வாங்கிச் செல்வார்கள். புண்ணை ஆற்றவும் அழற்சியைத் தணிக்கவும் அது நல்லது. ஆனால் அதன் மென்மையைப் பார்த்திருப்பவன் என்ற முறையில் சொன்னால், பெரிய ஓட்டைக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

---

விளிம்பொளி எழுதியது:

தம்பி, அன்றே கிளம்பினீர்கள் என்பதில் மகிழ்ச்சி.

மருந்தை நிறுத்த வேண்டாம். மற்ற அறுவைகளுக்குச் சொல்லும் பொது அறிவுரையை இங்கே பொருத்தக் கூடாது. இந்த நோயில் காயம் ஆறாமல் போவது அழற்சியால்தான். அடக்கும் மருந்து இருக்கும்போதுதான் தையல் நிற்கிறது. இயன்றால் மருந்து பிடித்துக்கொள்ளும்வரை பசையை வைத்தே சமாளித்து, பிறகு ஒட்டுப் போடுவது நல்லது. அதற்குள் ஓட்டை பெரிதாகிவிட்டால் காத்திருக்க முடியாது. மருந்தும் அறுவையும் ஒரே வாரத்தில் நடக்கும். காசநோய்ச் சோதனை முடிவு வரட்டும். நம் நாட்டில் அதைப் பார்க்காமல் இந்த மருந்துகளைத் தொடங்கக் கூடாது.

மெத்தோட்ரெக்சேட் திரும்ப வந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாட்காட்டியில் அந்தக் கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையையும் விடக் கூடாது.

புரையைச் சேர்த்து எடுப்பது கூடாது. அழற்சியோடு இருக்கும் முடக்குவாதக் கண்ணில் புரை அறுவை செய்தால், அந்தக் காயமே புதிதாகக் கரைவதற்கு வாயிலாகலாம். குறைந்தது சில மாதங்கள் கண் வெளுத்து அமைதியாக இருந்த பிறகு, மருந்தின் காவலோடு தனியாகச் செய்ய வேண்டும். அப்போது டைக்ளோஃபினாக் போன்ற ஸ்டீராய்டு அல்லாத வலி நீக்கிச் சொட்டு மருந்துகளைத் தவிர்க்கும்படி உங்கள் மருத்துவருக்கு நினைவூட்டுங்கள்; அவற்றால் கருவிழி கரைந்த செய்திகள் 1999இல் அமெரிக்காவில் பெரிதாக வெளிவந்தன, அவற்றுள் ஒரு தயாரிப்பு சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் முடக்குவாதப் புண்ணில் அளவோடுதான் இருக்க வேண்டும். அது அழற்சியைத் தணித்தாலும் புதுக் கொலாஜன் உருவாவதையும் மந்தமாக்கும். மீதம் இருக்கும் புட்டியை வீட்டில் வைத்து, கண் சிவக்கும்போதெல்லாம் விட்டுவிடாதீர்கள்.

முடக்குவாதக்காரர்களுக்குக் கண்ணீர் வற்றிப்போவதும் உண்டு. பாதுகாப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். கண்ணீர் வடியும் துளையைச் சிறு செருகியால் அடைப்பது பற்றியும் அடுத்த முறை கேளுங்கள். ஒட்டுப் போட்டால் தையல் தளர்கிறதா என்பதைத் தவறாமல் பார்க்க வேண்டும், ஏனெனில் தளர்ந்த ஓர் இழையைப் பற்றிக்கொண்டு இரத்தக் குழாய் உள்ளே ஏறிவிடும், அதன் வழியே நோயும் வரும்.

இடது கண்ணையும் ஒவ்வொரு முறையும் விளக்கில் பார்க்கச் சொல்லுங்கள். வலது கண்ணிலிருந்து திடீரென்று வெந்நீர் வழிந்ததுபோல் உணர்ந்தாலோ, வலி சட்டென்று கூடினாலோ, பார்வை ஒரே நாளில் மங்கினாலோ, நேரம் காலம் பார்க்காமல் மூடியை ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்; கிளம்பும் முன் சாப்பாடு கொடுக்காதீர்கள், ஒருவேளை அன்றே மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.